பக்கத்துக் கொட்டகை வெடித்தால்?

"டிராக்டருக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்குல்ல சார், வீட்டுக்கு வேற எதுக்கு?" வங்கியில் இருந்தவன் என்பதால் சிவகாசிப் பக்கத்து விவசாயிகள் என்னிடம் இதைக் கேட்பார்கள்.

1988 மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும்தான். நம்ம வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு அது. நம்ம வண்டியே எரிஞ்சா ஒத்தப் பைசா வராது. அதற்கு சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்திருக்க வேண்டும். கடன் இருக்கும்வரை வங்கி விடாது. கடன் முடிந்ததும் பலர் விட்டுவிடுகிறார்கள்.

வீட்டுக்குச் சட்டக் கட்டாயமே இல்லை. 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் தீ, வெடிவிபத்து, மின்னல், வெள்ளம் அடங்கும். கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை சாமான்களுக்கும் தானாகவே உண்டு. ஆனால் வாசலில் நிற்கும் டிராக்டர் இதில் சேராது. வீட்டில் அடுக்கி வைத்த பட்டாசும் சேராது, நம்ம ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்கணும்!

2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தில் உதவ ஓடிய ஊர்க்காரர்களும் இறந்தார்கள். வெடியாபத்து ஆலைச் சுவரோடு நிற்பதில்லை. ஆபத்தான பொருட்களைக் கையாளும் தொழில்கள் அடுத்தவருக்காகக் காப்பீடு எடுக்கணும் என்று 1991 பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் சொல்கிறது. உரிமமே இல்லாமல் கொட்டகையில் மருந்து கலக்குறவன் எதை எடுப்பான்? அவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் நம்ப வேண்டியது தன் சொந்த வீட்டு பாலிசியைத்தான். வீட்டுக் கடன் முடிந்தவர்கள் வங்கியில் பத்திரம் வாங்கும்போதே, பாலிசி எந்தத் தேதியோடு முடிகிறது என்று கேட்டு வாருங்கள்.