எண்ணுவோம், தெளிவோம், பின்னர் தெளிப்போம்



ஆடியில் விதைத்த பந்தல் அவரை மார்கழியில் பூத்துக் குலுங்கும் அழகு உழவர் குடும்பங்களுக்குப் புதியதன்று. அந்தப் பூங்கொத்துகளின்மீது, ஒரு நாள் காலையில், கரித்தூளைத் தூவியதுபோல் ஏதோ அப்பியிருக்கும். அருகில் சென்று நோக்கினால் அத்தூள் மெல்ல அசையும். அதுவே அசுவினி. அதைக் கண்டவுடன் உழவரின் கை தானாகவே கைத்தெளிப்பானை நாடுகிறது. அந்தக் கை சற்றே பொறுக்க வேண்டும் என்பதே இம்மாதம் நாம் சொல்ல வருவது.

சென்ற மார்கழியில், அரை ஏக்கரில் அவரைப் பந்தல் போட்டிருக்கும் குடியானவர் ஒருவர் நம்மிடம் வந்தார். “சாமி, தளிரெல்லாம் கருப்பா அப்பிக்கிச்சு. ரெண்டு தடவை மருந்து அடிச்சாச்சு. அடிச்சா உதிருது, பத்து நாள்ல மறுபடியும் ஏறிக்குது. கடைக்காரர் இன்னொரு மருந்துக்குச் சீட்டு எழுதிக் குடுத்திருக்கார்” என்றார். சற்றுத் தயங்கிவிட்டு, “அது மட்டுமில்ல சாமி. இந்தக் காயைப் பிள்ளைகளுக்கு ஆக்கிப்போட மாட்டேங்கிறா வீட்டுக்காரி. சந்தைக்கு அனுப்பினா தப்பா?” என்றும் கேட்டார்.

அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். ஒன்று பூச்சியைப் பற்றியது. மற்றொன்று மனச்சான்றைப் பற்றியது. ஆராய்ந்து பார்க்கையில், முன்னதற்கு நேரிய விடை காண்போருக்குப் பின்னது எழவே இடமிராது என்பது நமக்குப் புலனாயிற்று.

முதலில் பூச்சியின் இயல்பை அறிவோம். அசுவினி ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் அளவே உடையது. வளர்ந்தது பளபளக்கும் கறுப்பு நிறத்தது. குஞ்சுகளின்மேல் சாம்பல் பூத்தாற்போன்ற மெழுகுப்பொடி படிந்திருக்கும். ஊசி போன்ற வாயைத் தளிருக்குள் செலுத்திச் சாற்றை உறிஞ்சுகிறது; மிஞ்சிய இனிப்பைப் பிசுபிசுப்பான கழிவாக வெளியேற்றுகிறது. அக்கழிவு படிந்த இலையிலும் காயிலும் கரும்பூஞ்சணம் படர்கிறது. அந்த இனிப்பை நாடி எறும்புகள் பந்தற்காலில் சாரைசாரையாக ஏறுகின்றன. ஏறுவதோடு நில்லாமல் அசுவினியை உண்ணவரும் பூச்சிகளை விரட்டவும் செய்கின்றன.

நம்முடையதுபோன்ற வெப்ப நாட்டில் இவ்வினத்துப் பெண்பூச்சி ஆண்துணையின்றியே, முட்டையிடாமல், நேராகக் குஞ்சுகளை ஈனுகிறது. பிறந்த குஞ்சு ஏறத்தாழ ஒரு வாரத்தில் தானும் தாயாகிவிடும். ஒரு பூச்சிக்குப் பத்துக் குஞ்சுகள் மட்டுமே பிழைப்பதாகக் கொண்டாலும், ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, மூன்றாம் வாரத்தில் ஆயிரமாகிவிடும். குடியானவரின் அச்சம் பொருளற்றதன்று.

அங்ஙனமாயின் பந்தல்கள் யாவும் ஆண்டுதோறும் அழிந்தொழியாதது ஏன்? அசுவினிக்குப் பகைவர் பலர் உளர் என்பதே காரணம். பொறிவண்டை நாம் எல்லோரும் அறிவோம். ஒரு வண்டு நாளொன்றுக்குச் சுமார் ஐம்பது அசுவினிகளைத் தின்றுவிடும். ஆனால் அதன் புழுவை அறிந்தவர் சிலரே. கருஞ்சாம்பல் உடலும், மஞ்சள் புள்ளிகளும், சிறு முதலைக்குட்டி போன்ற தோற்றமும் உடைய அப்புழுவைக் கண்டு, இதுவும் பயிரைத் தின்ன வந்த பகையே என எண்ணி நசுக்குவோர் பலர். நம் குடியானவரும் அவ்வாறே பல நாள் நசுக்கியதாக ஒப்புக்கொண்டார்! இலையில் நூல்நுனியில் நிற்பதுபோல் முட்டையிடும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும், பூவின்மேல் அந்தரத்தில் நின்று பறக்கும் ஈயின் புழுவும் அசுவினியைத் தின்பவையே. கூட்டத்தினிடையே உப்பிப் பழுப்பேறி அசையாதிருக்கும் அசுவினியைக் கண்டால், அதனுள் சிறு குளவியின் குஞ்சு வளர்ந்திருக்கிறது என்று பொருள். இவற்றோடு, ஒரு பெருமழையும் தன் பங்குக்குக் கழுவித் தள்ளிவிடும்.

மருந்தடித்தபின் நிகழ்ந்தது என்ன என்பது இப்போது விளங்கும். நஞ்சு, தின்னியையும் தின்னப்படுவதையும் ஒருங்கே கொன்றது. சுருண்ட இலைக்குள் ஒளிந்திருந்த சில அசுவினிகள் தப்பின. அவை ஒரு வாரத்தில் பெருகின. பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாவதற்கோ இரண்டு மூன்று வாரங்கள் வேண்டும். காவலர் திரும்புமுன் கள்வர் பெருகிவிட்டனர். முதல் தெளிப்பே இரண்டாவதை அழைத்தது. இரண்டாவது மூன்றாவதை அழைத்தது.

இவ்வுண்மை இன்று நேற்றுக் கண்டதன்று. 1950-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குதிரைமசால் வயல்களை ஒருவகை அசுவினி தாக்கிற்று. தெளித்த மருந்துகள் பகைவரைக் கொன்றன. பூச்சியோ நாளடைவில் மருந்தைத் தாங்கப் பழகிற்று. அவ்வனுபவத்தின்மீது எழுந்த சிந்தனையை 1959-ஆம் ஆண்டில் ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் என்னும் நான்கு அறிஞர்கள் ஒரு கட்டுரையாக வெளியிட்டனர். பூச்சி இருக்கிறது என்பது மட்டும் மருந்தடிப்பதற்குப் போதிய காரணமன்று. அது விளைவிக்கும் இழப்பு, தடுக்க ஆகும் செலவுக்கு ஈடாகும் நிலையை எட்டுமுன், அதற்குச் சற்றுக் கீழே ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையிலேயே செயலில் இறங்க வேண்டும் என்பது அவர்கள் கூறியதன் சாரம். ‘பொருளாதார சேத நிலை’ என்று வேளாண் அலுவலர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

பயறுவகைப் பயிர்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறும் எல்லை, 2.5 செ.மீ. நீளத் தண்டில் 20 அசுவினிகள் என்பதாகும். 2.5 செ.மீ. என்பது ஓர் அங்குலம். கட்டைவிரலின் மேற்கணு அளவு. இதற்கு அளவுகோலும் வேண்டா, படிப்பும் வேண்டா. கண்ணும் பொறுமையும் போதும்.

எண்ணும் முறை இது. காலையில் பந்தலின் ஓரத்தில் மட்டும் நின்றுவிடாமல் குறுக்கும் நெடுக்குமாக நடக்க வேண்டும். ஐந்து இடங்களில், இடத்துக்கு ஐந்து கொடிகளாக, இருபத்தைந்து கொடிகளின் நுனித்தளிரைப் பார்க்க வேண்டும். நன்றாயிருக்கும் கொடியையோ மோசமான கொடியையோ தேடிச் செல்லாமல், கைக்கு எட்டியதை எடுக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று செய்திகளைக் குறிக்க வேண்டும்: அசுவினி இருபதுக்கு மேலா கீழா? பொறிவண்டோ அதன் புழுவோ மற்றப் பகைவரோ உண்டா? பயிர் எந்தப் பருவத்தில் இருக்கிறது? மூன்று நான்கு நாள் கழித்து மீண்டும் எண்ண வேண்டும். ஒருநாள் கணக்கு நிலையைக் காட்டும். இருநாள் கணக்கு போக்கைக் காட்டும்.

எண்ணிக்கை குறைவாகவும் பகைவர் நிறைவாகவும் இருந்தால், தெளிப்பானை இறக்கி வையுங்கள். எல்லையை ஒட்டியிருந்தும் தளிர்தோறும் பொறிவண்டுப் புழு ஊர்ந்தால், இன்னும் சில நாள் பொறுக்கலாம். ஆனால் இளங்கன்றுகளில் கூட்டம் சேர்ந்தாலோ, பூக்கும் பருவத்தில் எல்லையைக் கடந்து இரண்டாம் கணக்கிலும் ஏறியிருந்தாலோ, பகைவரையே காணோம் என்றாலோ தாமதிக்கலாகாது. பொறுமை வேறு, அசட்டை வேறு.

செயலிலும் ஒரு படிமுறை உண்டு. மிகவும் அப்பிய நுனிகளைக் கிள்ளி அழிப்பது முதற்படி. யூரியாவை அளவுக்கு மிஞ்சி இடாதிருப்பதும் இதனோடு சேரும். தழைத்துக் கொழுத்த தளிர் அசுவினிக்கு விருந்து. அடுத்தது வேப்பங்கொட்டைச் சாறு. பத்து லிட்டர் தெளிப்பானுக்கு அரைக்கிலோ வேப்பம்பருப்பை இடித்து, இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். இது உடனே உதிர்ப்பதன்று. பூச்சி உண்பதையும் வளர்வதையும் தடுப்பது. எனவே மறுநாளே பயனை எதிர்பார்த்து ஏமாற வேண்டா. இவற்றுக்கும் அடங்காதபோதே இரசாயன மருந்து. அதுவும் வேளாண் அலுவலரைக் கேட்டு, அவரைக்கு அனுமதிக்கப்பட்டதை, தேவையான பகுதிக்கு மட்டும். மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்துவதை இந்திய அரசு 2005-ஆம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டது என்பதையும் நினைவிற் கொள்க.

ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத்திட்டாகத் தோன்றும் தேமல் நோயையும் அசுவினி பரப்புகிறது. இறக்கை முளைத்த பூச்சி வந்தமர்ந்து வாயைச் செலுத்திய சில விநாடிகளில் நச்சுயிரி பரவிவிடக்கூடும். மருந்து அதைக் கொல்லுமுன் நோய் தொற்றிவிடும். ஆகவே எண்ணிக்கையை நம்பியோ மருந்தை நம்பியோ இந்நோயைத் தடுக்க இயலாது. நோயற்ற கொடியிலிருந்து விதை எடுப்பதும், தேமல் கண்ட செடியைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அழிப்பதுமே வழி.

இனி, குடியானவரின் இரண்டாவது கேள்வி. அவரையை வாரம் இருமுறை பறிக்கிறோம். மருந்துப் புட்டியிலோ, தெளித்தபின் இத்தனை நாள் கழித்தே பறிக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறது. அந்நாள் முடியுமுன் பறித்த காய் வீட்டு அடுப்புக்கு ஆகாதெனில், சந்தைக்கும் ஆகாது. சந்தையில் அதை வாங்குபவளும் ஒரு தாய்தான். “அந்த வாரத்துக் காய் போகட்டும், உரக்குழியில் போடுங்கள்” என்றோம். அவருக்கு அது எளிய இழப்பன்று. ஒன்றும் பேசாமல் தலையசைத்தார்.

மூன்றாம் மருந்தை அவர் வாங்கவில்லை. தம் மகளைக் கூட்டிக்கொண்டு எண்ணினார். இருபத்தைந்து கொடிகளில் ஒன்பதில் எல்லை மீறியிருந்தது. பொறிவண்டுப் புழுக்கள் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. அப்பிய நுனிகளைக் கிள்ளி, அப்பகுதிக்கு மட்டும் வேப்பங்கொட்டைச் சாறு தெளித்தார். நான்கு நாள் கழித்து எண்ணியபோது ஒன்பது ஆறாயிற்று; அடுத்த முறை இரண்டாயிற்று. அவ்வாண்டு அவருக்குப் பெருத்த இலாபம் என்று சொல்வதற்கில்லை. முன்னைய செலவு கையைக் கடித்திருந்தது. ஆயினும் தை மாதக் கடைசியில் ஒரு கூடை அவரைக்காயோடு வந்தார். “வீட்டுக்காரி குடுத்தனுப்பினா சாமி. நேத்து எங்க வீட்டுலயும் இதுதான் குழம்பு” என்றார்.

எண்ணுதல் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் கணக்கிடுதல் என்றும் சிந்தித்தல் என்றும் இரு பொருள் உண்டு. அவரைப் பந்தலின்கீழ் அவ்விரண்டும் ஒன்றே. இந்த ஆண்டு கைத்தெளிப்பானைத் தோளில் ஏற்றுமுன், நோட்டுப் புத்தகத்தோடு ஒருமுறை பந்தலுக்குள் நுழைந்து வாருங்கள். எழுதத் தெரிந்த பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.