கலக்கும் கைகள்

"குடும்பப் பத்திரிகையில் மதுக் கலவைச் சமாசாரமா?" என்று நேயர்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். குடியைப் பற்றி எழுத வரவில்லை. ஓர் உத்தியோகத்தையும், அதில் துணிந்து இறங்கிய ஒரு பெண்மணியையும் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் ஷட்பி பாசு. ஹோட்டல் நிர்வாகம் படித்து, சமையலறையில் வேலையைத் தொடங்கியவர். 1981-ல் பம்பாயில் 'காக்டெயில்' கலக்கும் வேலைக்கு வந்தார். அந்த நாளில் நம் நாட்டில் அது ஆண்களுக்கே உரிய இடம். ஆனால் லண்டன் ஸாவாய் ஹோட்டலில் 1903-லேயே ஏடா கோல்மன் என்ற மாது அந்த இடத்தில் நின்று, சுமார் இருபது வருஷம் கொடி கட்டிப் பறந்திருக்கிறார்!

இதில் என்ன வித்தை என்கிறீர்களா? பழச்சாறோ முட்டையோ சேர்ந்தால் ஐஸ் போட்டுக் குலுக்க வேண்டும். வெறும் மது வகைகளானால் கரண்டியால் நிதானமாகக் கலக்க வேண்டும். ஐஸ் குளிர்விக்கிறது, கரைந்து காரத்தையும் தணிக்கிறது. கொஞ்சம் மிஞ்சினால் சப்பென்று ஆகிவிடும். நுரை கூடியதும் ரசத்தை இறக்கத் தெரிந்த நமக்கு இந்தப் பதம் புரியாதா, என்ன?

கைப்பக்குவம் இருந்தும் சட்டம் இடம் கொடுக்க வேண்டுமே! டில்லியில் அமலில் இருந்த 1914-ம் வருஷத்துப் பஞ்சாப் கலால் சட்டத்தின் 30-வது பிரிவு, மது அருந்தும் இடங்களில் பெண்களையும், 25 வயது நிரம்பாத ஆண்களையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஆண்பிள்ளைக்கு வயது ஏறினால் தடை நீங்கும். பெண்ணுக்கோ ஆயுள் முழுவதும் தடை! கேட்டால், "எல்லாம் உங்கள் பாதுகாப்புக்காகத்தான்" என்ற பதில்.

2007 டிசம்பர் 6-ல் சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. பெண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டுமானால் அதற்கு ஏற்பாடு செய்வதுதான் சர்க்காரின் வேலை. அவள் பிழைப்பைப் பறிப்பது அல்ல என்பதே அதன் சாரம்.

ஷட்பி பாசு பின்னர் 'ஸ்டிர்' என்ற பயிற்சிக் கூடம் நிறுவி, தாம் கற்றதைப் பிறருக்கும் கற்பித்தார். 2018 ஜனவரியில், தத்தம் துறையில் முதலடி வைத்த பெண்கள் 112 பேரை ஜனாதிபதி கௌரவித்தபோது அவரும் அவர்களில் ஒருவர்.

உங்கள் பெண் இந்த வேலைக்குத்தான் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்த வேலைக்கானாலும், "போகாதே" என்று சொல்வதற்கு முன், "ராத்திரி பத்திரமாக வீடு திரும்ப வண்டி உண்டா?" என்று முதலாளியைக் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.