நா மறுப்பதும் நாணம் மறுப்பதும்

ஆடித் திங்கள் பிறந்துவிட்டால், முகையூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் மாரியம்மன் கோயில்தோறும் கூழ் வார்ப்பர். செல்வரும் எளியரும் குவளையும் தூக்கும் ஏந்தி நிற்பர். கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் துணையாகக் குடித்தவர் வாயெல்லாம் அதன் சுவையையே பேசும். ஆடி கழியும், ஆவணி பிறக்கும். அதே வீட்டிற்கு விருந்தினர் வந்தால் கேழ்வரகுக் களி கிண்டி இட இல்லத்தார் கூசுவர். பள்ளிக்குச் செல்லும் பிள்ளை களியைக் கட்டித் தந்தால் உடன்பயில்வார் நகைப்பர் என்று அஞ்சும். கேட்டால், 'எனக்குப் பிடிக்காது' என்னும் ஒரே விடை. ஆடியில் இனித்தது ஆவணியிற் கசப்பானேன்? மாறியது நாவா, நினைப்பா?

இவ்வினா சிறு வினாவன்று. மாந்தர் ஓர் உணவை மறுப்பதற்கு உரிய காரணங்களைப் பகுத்தறியாமையால், எளிய பிள்ளைகளின் வயிறும் தமிழரின் தன்மதிப்பும் ஒருங்கே கெடுகின்றன. ஆகலின் அக்காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குதல் வேண்டும்.

முதலாவது, நாவின் மறுப்பு. இஃது உண்மையானது, மதிக்கத் தக்கது. அறுசுவையும் எல்லார் நாவிற்கும் ஒரே அளவில் உறைப்பதில்லை. அமெரிக்க வேதியலறிஞர் ஆர்தர் பாக்சு என்பார் 1931இல் ஆய்வுக் கூடத்தில் ஒரு பொருளைக் கையாள்கையில் அதன் தூள் காற்றிற் பறந்தது. உடனிருந்தவர், தூள் வாயிற் பட்டுக் கடுங்கைப்பாயிருக்கிறது என்றார். பாக்சுக்கோ அதில் ஒரு சுவையும் தோன்றவில்லை. பின்னர்ப் பலரிடம் ஆய்ந்ததில், சிலர்க்கு அப்பொருள் கடுங்கைப்பு என்பதும், சிலர்க்குச் சுவையே அற்றது என்பதும் தெளிவாயின. அவ்வேறுபாட்டிற்குரிய மரபணு 2003இல் கண்டறியப்பட்டது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் ஒருவன் கசப்பான கீரையை விரும்பி உண்ண, மற்றொருவன் துப்புவானாயின், துப்பியவனை அடித்துப் பயனில்லை. அவன் நா வேறு, அவ்வளவே.

நாவின் பழக்கம் கருவறையிலேயே தொடங்குகின்றது என்பதும் ஆய்விற் கண்ட உண்மை. பிலடெல்பியா நகரத்து ஆய்வாளர் சூலி மென்னெல்லாவும் அவர்தம் குழுவினரும் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கருவுற்ற காலத்திலோ பாலூட்டுங் காலத்திலோ மஞ்சள் முள்ளங்கிச் சாற்றைத் தொடர்ந்து பருகிய தாயரின் குழவிகள், பின்னர் அச்சுவை கலந்த உணவை முகஞ்சுளியாமல் ஏற்றன என்பது அவ்வாய்வின் முடிபு. தாய் உண்டதைப் பிள்ளை முன்னரே அறிந்திருக்கின்றது. தாய் கேழ்வரகைக் கைவிட்டால், அதன் சுவை பிள்ளைக்கு அயற்சுவையாகிவிடும் என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது, நிலத்தின் வேறுபாடு. ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களை வகுத்த தொல்காப்பியர், தெய்வத்தை அடுத்து உணவையே வைத்தார். நிலம் விளைப்பதை நா விரும்பும் என்னும் உண்மையை அவர் இலக்கணமாகவே கண்டார். இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. இன்றைய திண்டிவனத்தைச் சூழ்ந்த பகுதியே பண்டை ஓய்மானாடு. திண்டிவனத்தின் ஒரு பகுதியாக விளங்கும் கிடங்கில் அந்நாட்டின் தலைநகர். அந்நாட்டை ஆண்ட நல்லியக்கோடனை நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், ஒரே நாட்டின் வழிநெடுகப் பலவகை உணவுகள் வருகின்றன. கடற்கரை எயிற்பட்டினத்திற் கள்ளும் சுட்ட மீனும். வேலூரில் எயிற்றியர் ஆக்கிய புளிஞ்சோறும் காட்டுப்பசுவாகிய ஆமானின் சூட்டிறைச்சியும். ஆமூரில் உழவர் இல்லத்து வெண்சோறும் நண்டுக் கலவையும். இவற்றுள் எதனையும் புலவர் உயர்ந்தது என்றோ தாழ்ந்தது என்றோ தரம் பிரிக்கவில்லை. அந்தந்த நிலத்தார் அன்போடு இடுவதைப் பாணர் கூட்டம் உண்டு செல்லும் என்பதே அவர் காட்டும் நெறி.

ஆயின் அதே நூலில் மற்றொரு காட்சியும் உண்டு. வறுமையில் வாடும் பாணர் குடியில், இளைத்த மகள் ஒருத்தி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி வந்து, உப்புமின்றி வேகவைக்கின்றாள். அதனை உண்பதற்கு முன் கதவை அடைக்கின்றாள். தம் வறுமையை அறியார் கண்டு இகழ்வரே என்னும் நாணம் அவளுக்கு! கீரை அவள் நாவிற்குக் கசந்தது என்று புலவர் சொல்லவில்லை. பிறர் பார்வைதான் அவளுக்குக் கசந்தது. கணவனை இழந்த மகளிர் நோன்புணவாகவும் வேளைக்கீரை புறநானூற்றிற் பேசப்படுகின்றது. ஏழையின் உணவு, கைம்பெண்ணின் உணவு என்னும் பெயரைப் பெற்றபின் அக்கீரையை யார் விரும்பி உண்பர்? வேளை என்பது இக்காலத்து நல்வேளை என்பர். அந்த நல்வேளையை ஆப்பிரிக்கக் கண்டத்துக் கென்யா நாட்டு மக்கள் தோட்டத்திற் பயிரிட்டுச் சந்தையில் விற்கின்றனர், விரும்பி உண்கின்றனர். செடி ஒன்றே. இங்கு அது களை; அங்கு அது கறி. இழிவு செடியில் இல்லை. அதை உண்டவர்மேல் ஊரார் வைத்த பார்வையிலேயே உள்ளது.

இதுவே மூன்றாவது காரணம், நாணத்தின் மறுப்பு. இதனை நாவின் மறுப்பு எனத் தவறாக எண்ணுவதாலேயே எல்லாக் கேடும் விளைகின்றது.

இந்நாணத்திற்கு அடிப்படை, உண்பவரை உயர்ந்தோர் தாழ்ந்தோர் எனப் பகுக்கும் குலப்பிரிவே. அப்பிரிவு தமிழரின் தொன்மை நெறியன்று. முகையூரை அடுத்த திருக்கோவலூரோடு கபிலர் வாழ்வின் இறுதி இணைத்துப் பேசப்படுகின்றது. பாரியின் மகளை மலையர்க்கு அளித்துவிட்டு அவர் தீப்புகுந்த செய்தியை, அவ்வூர்க் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுக் கூறுகின்றது. தம்மை அந்தணன் என்று தாமே சொல்லிக்கொண்டவர் கபிலர். அவர்தம் கையைப் பற்றிய சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன், அதன் மென்மையை வியந்தான். ஊனும் துவையும் கறியும் சோறும் உண்ணுவதன்றி வேறு கடுந்தொழில் அறியாமையால் என் கை மென்மையாயிற்று என்று விடை சொன்னார் அப்பெரும்புலவர். ஊனுணவு அவர்க்கு இழிவாகவில்லை. அவர் புலமைக்கும் அதனாற் குறைவு நேரவில்லை. உணவைக் கொண்டு பிறப்பையும், பிறப்பைக் கொண்டு உணவையும் அளக்கும் கோல் பின்னர்ப் புகுத்தப்பட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

புலால் மறுத்தலைத் திருவள்ளுவரே ஓரதிகாரத்தால் வலியுறுத்தினாரே என்று சிலர் வினவுவர். வலியுறுத்தினார், ஐயமில்லை. ஆயின் அவர் அதனைத் துறவறவியலில், அருளுடைமைக்கு அடுத்ததாக வைத்தார். கொல்லப்படும் உயிரின்மேல் இரக்கங்கொண்ட மறுப்பு அது; உண்ணும் மாந்தனை இகழ்ந்த மறுப்பன்று. பழைய தென்னார்க்காட்டு மண்ணிலேயே வடலூரில் 1867இல் அறச்சாலை நிறுவிய வள்ளலார் புலாலை அறவே மறுத்தவர். ஆனால் அவர் மூட்டிய அடுப்பு, பசித்து வந்தவன் எக்குலத்தான் என்று கேட்டதில்லை. அருளால் எழும் மறுப்புத் தன் வாயை மட்டும் அடக்கும். இகழ்ச்சியால் எழும் மறுப்போ பிறர் வயிற்றை அடைக்கும். இரண்டையும் அளக்க இதுவே உரைகல்.

இகழ்ச்சியின் மறுப்பு எத்துணைக் கொடியது என்பதைக் கடந்த நூறாண்டு வரலாறு காட்டும். சேரன்மாதேவிக் குருகுலத்திற் பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப்பந்தி வைத்ததனால் 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழகமே கொதித்தெழுந்தது. அதன்பின் 1956இல் காமராசர் ஆட்சியிற் பள்ளி நண்பகலுணவுத் திட்டம் பரவியது, 1982இல் ம.கோ.இரா. ஆட்சியிற் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022இற் காலையுணவுத் திட்டமும் தொடங்கியது. பிள்ளைகள் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் நிலையை இத்திட்டங்கள் உண்டாக்கின. இருந்தும், 2018இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளியொன்றில் ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண் சமைப்பதை ஊரார் சிலர் எதிர்த்தனர். 2023இல் கரூர் மாவட்டத்துப் பள்ளியொன்றில் அத்தகைய ஒருவர் சமைத்த காலையுணவைத் தம் பிள்ளைகள் உண்ணலாகாது எனப் பெற்றோர் சிலர் தடுத்தனர். அவ்வுணவில் உப்புக் குறைந்ததா? புளிப்பு மிகுந்ததா? இல்லை. சுவைத்துப் பார்க்காமலே மறுக்கப்பட்டது அவ்வுணவு. பிள்ளையின் நா அறியாத கசப்பைப் பெற்றோர் ஊட்டினர்.

கூழின்மேல் உள்ள வெறுப்பையும் இவ்வுரைகல்லிலேயே உரைத்துப் பார்த்தல் வேண்டும். வயலில் நெல்லை விளைத்தவன் அந்நெற்சோற்றைப் பொங்கலன்றும் திருமண நாளன்றுமே கண்ட காலம் ஒன்று இருந்தது. ஆண்டை வீட்டிற் சோறும் அடிமை வீட்டிற் கூழும் என்றிருந்த நாளில், சோற்றுக்கு ஏங்கியவன் நாச்சுவைக்கு மட்டும் ஏங்கவில்லை, மதிப்பிற்கும் ஏங்கினான். 1967இல் அண்ணா ஆட்சி சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய உருபாவுக்கு ஒரு படி அரிசித் திட்டம் அவ்வேக்கத்தை அறிந்தே எழுந்தது. வேறு வழியின்றிக் கூழ் குடித்தவன் கூழை வெறுத்ததில் நேர்மை உண்டு. அவனை இகழ யார்க்கும் உரிமையில்லை. ஆனால் அவன் வெறுக்க வேண்டியது தன்னைக் கூழோடு நிறுத்திய அமைப்பையேயன்றிக் கேழ்வரகையன்று. அமைப்பு ஓரளவு தளர்ந்தது. கேழ்வரகோ முற்றும் தண்டிக்கப்பட்டது.

அத்தண்டனையின் இழப்பு யாருக்கு? நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேற் சுண்ணச்சத்து உண்டு. அதே அளவு தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. வளரும் பிள்ளையின் எலும்பும் பல்லும் எதனைக் கேட்கும்? நீர் குறைந்த புன்செயில் விளையும் கம்பும் வரகும் சாமையும் தினையும் விளைநிலத்தை விட்டே நீங்கிவரும் நிலையில், 2023ஆம் ஆண்டை ஐ.நா. அவை உலகச் சிறுதவச ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டிலேயே நீலகிரி, தருமபுரி மாவட்டப் பங்கீட்டுக் கடைகளில் அரிசியின் ஒரு பகுதிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினர். நகரத்துச் செல்வர் இக்கால் நீரிழிவிற்கு அஞ்சி அதே வரகையும் சாமையையும் வண்ணப் பொதியில் மிகுவிலைக்கு வாங்குகின்றனர். ஏழை உண்டபோது இழிவு; செல்வன் உண்டபோது மருந்து! தவசம் மாறவில்லை, உண்பவன் மாறினான்.

உணவுக்கு நேர்ந்த இக்கதியே சொல்லுக்கும் நேர்ந்தது. சோறு என்னும் தூய தமிழ்ச்சொல்லைச் சொல்ல நாணிச் சாதம் என்பவர் எத்துணைப் பேர்! சாதம் என்பது பிரசாதம் என்னும் வடசொல்லின் வழிவந்தது என்பர். வாயில் வைக்கும் பருக்கை ஒன்றே. சோறு என்றால் தாழ்வு, சாதம் என்றால் உயர்வு. மிளகுநீர் இரசமாயிற்று. அயலாரோ தமிழ்ச் சொல்லுக்கு நாணவில்லை. கறி, கஞ்சி, மிளகுத்தண்ணீர் ஆகிய தமிழ்ச் சொற்களை ஆங்கிலர் தம் மொழிக்கேற்பத் திரித்துக்கொண்டு தம் அகரமுதலிகளில் ஏற்றினர். கஞ்சி என்றால் முகஞ்சுளிப்பவர் அதனையே ஆங்கில ஒலிப்பில் உணவு விடுதிப் பட்டியலிற் கண்டால் உவந்து வாங்குகின்றனர். சொல்லுக்கு நாணுபவன் சோற்றுக்கும் நாணுவான். சோற்றுக்கு நாணுபவன் அதனை விளைத்த மண்ணுக்கும், உழைத்த தாய்க்கும் நாணுவான். தாழ்வு மனப்பான்மை ஒரு வாயிலில் மட்டும் நுழைந்து நிற்பதில்லை.

ஆகலின் செய்யத் தக்கன சில. ஒருவர் ஓர் உணவை ஒவ்வாமையாலோ அருளாலோ வேண்டா என்றால், வற்புறுத்தாமல் விடுதல் வேண்டும். மற்றவர் உண்பதை அவர் இகழாதவரை அவர் மறுப்பு அவர் உரிமை. பள்ளியில் எப்பிள்ளையின் உணவையும் எவரும் நகையாடாமற் காத்தல் ஆசிரியர் கடன். பள்ளியுணவிற் கேழ்வரகும் கம்பும் கிழமைக்கு ஒருநாளேனும் இடம்பெறல் வேண்டும். அவை தண்டனையாகவன்றிச் சுவையான அடையாகவும் களியாகவும் இடப்பெறல் வேண்டும். சமைத்தவர் குலம் கேட்டு உணவை மறுப்பாரைச் சட்டம் திருத்தும் முன்னரே ஊர் திருத்துதல் வேண்டும். தமிழர் இல்லங்களில் விருந்துக்குக் களியும் இடுக. சோற்றைச் சோறென்றே சொல்லுக.

ஓர் உணவை மறுக்கும் ஒவ்வொருவரும் தமக்குள் ஒரு வினா எழுப்புதல் நன்று: கதவை அடைத்துவிட்டால், காண்பார் எவரும் இலரானால், இதனை உண்பேனா? 'உண்பேன்' என்பது விடையானால், மறுத்தது நாவன்று, அடிமை நெஞ்சமே. அந்நெஞ்சத்தை மாற்றிக்கொண்டவன் கதவைத் திறந்து வைத்தே உண்பான். வழிச்செல்வாரையும் உள்ளே அழைப்பான்.