ஈர வாடகை!

தோழர்களே! சந்தை என்றொரு தெய்வத்தைச் சிலர் படைத்து வைத்திருக்கிறார்கள். அதற்குக் கோயிலில்லை, கோபுரமில்லை. ஆனால் பூசாரிகள் உண்டு, மந்திரமும் உண்டு. "போட்டி வளரும், விலை குறையும், வாங்குபவன் வாழ்வான்!" இதுதான் மந்திரம். கல்லூரியிலே நாம் மனப்பாடம் செய்ததும் இதுதான். பலித்ததா மந்திரம்? சுதந்திர வாணிபத்தின் தாயகம் என்று போற்றப்படும் இங்கிலாந்திலேயே பார்ப்போம். அங்கே பீர் விற்கும் கதையைக் கேட்போம்.

"குடிக்கடைக்காரனுக்காகக் கண்ணீரா?" என்று கேட்பீர்கள். குடியைப் புகழ வரவில்லை நான். குவளையின் மேலே நுரை. அடியிலே அடிமைச் சாசனம்! அதைக் காட்டவே வந்தேன்.

1869ஆம் ஆண்டுச் சட்டம் பீர்க்கடை லைசென்சுகளை நீதிபதிகளின் கையில் ஒப்படைத்தது. லைசென்சு அரிதாயிற்று. ஆலை அதிபர்கள் கணக்குப் போட்டனர். நல்ல சரக்குக் காய்ச்சி நற்பெயர் தேடுவானேன்? விற்கும் விடுதியையே வாங்கிவிட்டால், குடிப்பவன் எங்கே போவான்? பங்குகளை விற்றுப் பணம் திரட்டினர். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் விடுதிகளை வாங்கிக் குவித்தனர்.

விடுதியை நடத்துபவரோ குத்தகைக்காரர். அவர் தருவது இரண்டு வாடகை. கட்டடத்துக்குத் தருவது உலர்ந்த வாடகை. மற்றொன்றுக்கு அந்நாட்டார் வைத்த பெயரே ஈர வாடகை! விடுதியின் சொந்தக்காரர் காட்டும் இடத்திலேதான் பீர் வாங்கவேண்டும். அவர் சொல்வதே விலை. வெளியிலே அதே பீப்பாய் மலிவாகக் கிடைத்தாலும் தொடக்கூடாது! அந்த விலை வித்தியாசம்தான் ஈர வாடகை. உழைப்பு ஒருவருடையது, ஊதியமோ மற்றவருக்கு!

1989இல் ஏகபோகங்களை ஆராயும் ஆணையம் உண்மையை உரைத்தது. ஆறு கம்பெனிகளிடம் நாட்டின் பீர் உற்பத்தியில் முக்கால் பங்கு! எந்த ஆலைக்கும் 2,000 விடுதிகளுக்குமேல் கூடாதென்றது ஆணையம். அதிபர்கள் அலறினர், அரசு அசைந்தது. 2,000க்கு மேற்பட்டவற்றில் பாதியை விடுவித்தால் போதும் என்று சட்டம் சுருங்கிற்று.

விலங்கு ஒடிந்ததா? இல்லை, கை மாறிற்று! சட்டம் கட்டியது பீர் காய்ச்சுபவரை மட்டுமே. எனவே, ஒரு குவளையும் காய்ச்சாத கம்பெனிகள் முளைத்தன. கடன் வாங்கி ஆயிரக்கணக்கில் விடுதிகளை வாங்கின. ஆலையிடம் பெரும் தள்ளுபடியில் பீர் வாங்கி, குத்தகைக்காரரிடம் கூடுதல் விலைக்குத் தள்ளின. கம்பெனியின் கடனுக்கு வட்டி கட்டியது குத்தகைக்காரரின் வியர்வை!

2003இல் அந்தச் சட்டமும் நீக்கப்பட்டது. குத்தகைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, போராடினர். 2014 நவம்பரில், அரசின் எதிர்ப்பை மீறி, 284க்கு 269 என்ற வாக்குகளில் மக்கள் மன்றத்திலே வென்றனர். 2016இல் புதிய விதி வந்தது: 500 கட்டுண்ட விடுதிகளுக்குக் குறையாமல் வைத்திருக்கும் கம்பெனிகளின் குத்தகைக்காரர், குறிப்பிட்ட தருணங்களில், சந்தை வாடகை மட்டும் தந்து பீர்க் கட்டிலிருந்து விடுபடக் கேட்கலாம்.

கதை முடிந்ததா? 2017இல் ஹெய்னெகன் என்ற பேராலை, பஞ்ச் கம்பெனியிடமிருந்து ஏறத்தாழ 1,900 விடுதிகளை வாங்கிற்று. வாசல் வழியே வெளியேறிய ஆலை முதலாளி, கொல்லை வழியே திரும்பினார்! 2020இல் அதன் விடுதிக் கம்பெனிக்கு 20 லட்சம் பவுன் அபராதம். குற்றம் என்ன? தன் சரக்கையே அளவுமீறி விற்கும்படி குத்தகைக்காரரை நெருக்கியது!

முப்பத்தொரு ஆண்டு ஓடியும் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்ற காரணம் என்ன? 1989ஆம் ஆண்டுச் சட்டம் எத்தனை விடுதி என்று எண்ணிற்று. விடுதியைக் கட்டிய கயிற்றை அறுக்கவில்லை. கயிற்றை விட்டுவிட்டுக் கட்டியவனை மட்டும் மாற்றினால், கட்டுண்டவனுக்கு என்ன லாபம்?

ஆகவே தோழர்களே, போட்டி என்ற மந்திரம் எங்கே ஒலித்தாலும் மூன்று கேள்விகளை முழங்குங்கள். கடை யாருடையது? விலை வைப்பவர் யார்? நட்டம் யார் தலையில்? விடை கிடைக்கும்வரை விடாதீர்கள். மந்திரத்துக்கு மயங்குபவன் பக்தன். கணக்குக் கேட்பவனே பகுத்தறிவாளன்!