கஷாயக் கணக்கும் ஊசிக் கணக்கும்

குற்றாலத்தில் சாரல் காலம் வந்துவிட்டால் தென்காசியிலிருந்து பெரிய அருவிக்குப் போகிற வழியெல்லாம் வேரும், பட்டையும், தைலமும், சூரணமும் கடை பரப்பிவிடுகின்றன. அவற்றை விற்று வயிறு வளர்க்கும் ஏழைகளிடத்தில் நமக்கு யாதொரு துவேஷமும் கிடையாது. ஆனால் சென்ற சாரலில் ஒரு மருந்துக் கடையில் நம் கையில் திணிக்கப்பட்ட துண்டு நோட்டீசைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த நோட்டீசில் கண்ட விஷயம் என்னவென்றால், விஷக் காய்ச்சலுக்கு இங்கிலீஷ் மருந்து ஆயிரக்கணக்கில் செலவு வைக்கின்றது, மூலிகைக் கஷாயமோ பத்து ரூபாயில் முடிகின்றது, ஆகவே எது லாபம் என்பதைச் சீனாவின் பொருளாதார ஆராய்ச்சியே நிரூபித்துவிட்டது என்பதாகும். முன்பெல்லாம் "பொதிகையில் இருந்து அகஸ்தியர் சொன்னார்" என்றார்கள். இப்பொழுது அகஸ்தியருக்குப் பதிலாக ஆராய்ச்சி வந்திருக்கின்றது. வேஷம் மாறியிருக்கின்றதே ஒழிய, கேள்வி கேட்காதே என்கின்ற உபதேசம் மாறவில்லை.

நாம் கேட்பது ஒன்றுதான். பத்து ரூபாய் மலிவு என்றால் எதற்கு மலிவு? குணம் கண்டால் மலிவு. குணம் காணாவிட்டால் பத்து ரூபாயும் தண்டந்தானே? ஒரு மருந்தின் பொருளாதாரம் பார்ப்பதென்பது விலைச்சீட்டைப் படிப்பதல்ல. அதற்காகக் கூடுதலாகச் செலவான ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு கூடுதல் சுகம் கிடைத்தது என்று பார்ப்பதேயாகும். சுகம் கிடைத்தது என்பதே ருசுவாகாதபோது, அதைக் கொண்டு போடுகிற கணக்கு அஸ்திவாரம் இல்லாமல் மச்சு கட்டுகிற வேலையேயாகும்.

சீனாவைப் பாருங்கள் என்கிறார்கள். பார்ப்போம். நம் நிலவேம்பு அங்கும் பழைய மருந்துதான். அதன் சத்தை மாற்றியமைத்து ஷியான்பிங் என்ற பெயரில் ஊசி மருந்தாகவே செய்து விற்கின்றார்கள். இம்மாதிரி மருந்துகளை ரிபாவைரின் என்ற மேல்நாட்டு மருந்தோடு ஒப்பிட்டு, எங்கள் மருந்தே சிக்கனம் என்று எழுதிய கட்டுரைகள் அங்கு உண்டு. ஆனால் சளிக் காய்ச்சலுக்கு ரிபாவைரினே நிரூபணமான மருந்தல்லவே! ஆமையோடு ஓடி ஜெயித்துவிட்டு, குதிரையை ஜெயித்தேன் என்று தமுக்கடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அன்றியும் இக்கட்டுரைகள் பலவற்றில் செலவென்றால் மருந்தின் விலை மாத்திரந்தான். செலவு யார் பையிலிருந்து போனது, சர்க்கார் பையிலா, குடும்பத்தின் பையிலா என்ற விவரம் இல்லை. சில நாள் பார்த்ததோடு சரி, பிறகு நோயாளி என்ன ஆனார் என்பது இல்லை. போட்ட அனுமானம் கொஞ்சம் தவறினால் முடிவு என்னவாகும் என்ற பரீட்சையும் இல்லை. அந்த ஷியான்பிங் ஊசியிலேயே சில தொகுதிகளால் குளிரும் காய்ச்சலும் கண்டு, 2017-ல் சீன சர்க்காரே அவற்றைத் திரும்பப் பெறும்படி உத்தரவிட்டது. அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

இனி நம் நாட்டுக்கு வருவோம். 9 சரக்கு சேர்ந்த நிலவேம்புக் குடிநீரை டெங்குவுக்கென்றும், 15 சரக்கு சேர்ந்த கபசுரக் குடிநீரை 2020-ல் கொரோனாவுக்கென்றும் சர்க்காரே ஊர் ஊராக வழங்கிற்று. இரண்டுக்கும் ஆதாரமாகக் காட்டப்படுவது சித்த வைத்தியத் திரட்டு என்ற நூல். 2017-ல் நடிகர் கமல்ஹாசன், ஆராய்ச்சி முடிவு வரும் வரையில் நிலவேம்பை வழங்க வேண்டாம் என்று தம் இயக்கத்தாருக்குச் சொன்னதற்கு அவர் மீது போலீசில் புகார் கொடுக்கப்பட்டது. ருசு கேட்டவன் குற்றவாளி, ருசு இல்லாதவன் தேசபக்தன்! கபசுரத்துக்குச் சோதனையே நடக்கவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. நோய்க்குறியே இல்லாத 60 பேரை எடுத்து, ஒரு பாதிக்குக் கபசுரமும் மறு பாதிக்கு வைட்டமின் சி-யும் துத்தநாகமும் கொடுத்துப் பார்த்த சோதனை உண்டு. ஆனால் தாமே தேறிவிடக்கூடிய 60 பேரைக் கொண்டு, எத்தனை உயிர் பிழைத்தது, எத்தனை ஆஸ்பத்திரிச் செலவு மிஞ்சியது என்று எப்படிக் கணக்கிட முடியும்?

கஷாயம் பத்து ரூபாய் என்பதும் சரியல்ல. 5 கிராம் பொடியை 240 மில்லி தண்ணீரில் போட்டு 60 மில்லியாகச் சுண்டக் காய்ச்ச வேண்டும். அடுப்புக்கு விலை உண்டு. காய்ச்சுகிறவளுக்கு நேரம் உண்டு. இந்த ஜில்லாவில் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்ணுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. கஷாயத்தை நம்பி மூன்று நாள் வீட்டில் கிடந்து, நான்காம் நாள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனால், அந்த மூன்று நாளின் விலை என்ன?

நிற்க, இதைப் படித்து மாத்திரைக் கம்பெனிக்காரர்கள் மகிழ வேண்டியதில்லை. அவர்கள் புரட்டு இன்னும் பெரியது. டாமிஃப்ளூ என்ற மாத்திரையைச் சேமித்து வைக்கப் பிரிட்டிஷ் சர்க்கார் 42 கோடியே 40 லட்சம் பவுனைக் கொட்டிற்று. கம்பெனியிடம் பல வருஷம் போராடி முழு விவரத்தையும் வாங்கிப் பார்த்த காக்ரேன் ஆராய்ச்சிக்காரர்கள் 2014-ல் சொன்னதென்ன? பெரியவர்களுக்கு 7 நாள் இருக்கும் தொந்தரவு 6.3 நாளாகக் குறைகின்றது என்பதே. ரெம்டெசிவிர் கதையோ நம் கண் முன் நடந்தது. 2020-ல் ஒரு குப்பி 5,400 ரூபாய் வரையில் விற்றது. ஒருவருக்கு 6 குப்பி என்றால் 32,400 ரூபாய். அவ்வருஷம் நவம்பரிலேயே உலக சுகாதார ஸ்தாபனம் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு அதை வேண்டாம் என்று சொல்லியிருந்தும், 2021-ல் தாலியை அடகு வைத்துவிட்டுக் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி வாசலில் ஜனங்கள் வெயிலில் நின்றார்கள். பிறகு புதிய ஆதாரம் வந்தபோது, 2022-ல், நோய் முற்றாத, ஆனால் அபாயம் அதிகமுள்ளவர்களுக்குக் கொடுக்கலாம் என்று அதே ஸ்தாபனம் தன்னைத் திருத்திக் கொண்டது. ஆதாரம் மாறினால் அபிப்பிராயத்தை மாற்றிக் கொள்வதுதான் அறிவின் இலட்சணம். வேதமும் சித்தர் வாக்கும் அப்படித் திருத்திக் கொள்ளுமா?

பச்சிலையை நாம் வெறுக்கவில்லை. சீனப் பெண்மணி து யூயூ, நான்காம் நூற்றாண்டு நூல் ஒன்றில் கிடைத்த குறிப்பை வைத்துக்கொண்டே மலேரியாவுக்கு மருந்து தேடினார். ஆனால் நூல் சொல்லிற்று என்று கன்னத்தில் போட்டுக் கொள்ளவில்லை. கொதிக்க வைத்தால் சத்து கெடுமோ என்று சந்தேகித்து, குறைந்த சூட்டில் ஈதரைக் கொண்டு சத்தை இறக்கி, தம் உடம்பிலேயே முதலில் சோதித்து, பிறகே பிறருக்குக் கொடுத்தார். 1972-ல் பிரித்தெடுத்த அந்தச் சத்துக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் தழைக்கு மதிப்பு வந்தது சந்தேகத்தினால், பக்தியினால் அல்ல.

ஆகவே கஷாயமானாலும் சரி, ஊசியானாலும் சரி, நம் கேள்விகள் ஒன்றே. எதோடு ஒப்பிட்டாய்? எத்தனை பேரிடம், எத்தனை நாள் பார்த்தாய்? யார் செலவைக் கணக்கில் சேர்த்தாய், யார் செலவை விட்டாய்? அனுமானம் தவறினால் முடிவு நிற்குமா? ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவன் யார்? மருந்துகளின் செலவையும் பலனையும் நிறுத்துப் பார்ப்பதற்கென்று இந்திய சர்க்காரிலேயே 2017 முதல் ஒரு தனி அமைப்பு இருக்கின்றது. கஷாயத்தையும் ஊசியையும் ஒரே தராசில் வைத்து, கணக்கை ஜனங்கள் பார்க்கும்படி வெளியிடுவதில் என்ன தடை?

செலவாவது நம் வரிப்பணம். போவது நம் உயிர். கணக்குக் கேட்க வெட்கப்படுகிறவன் மருந்துக் கடைக்காரனுக்கு மாத்திரமல்ல, எவனுக்கும் அடிமையாகத்தான் இருப்பான். அடுத்த சாரலில் அந்த நோட்டீசு உங்கள் கைக்கும் வரும். கிழித்தெறிய வேண்டாம், மேற்கண்ட கேள்விகளைக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் பிறகு அருவிக்குப் போங்கள்.