வட்டப் பாதைக்கும் இளைப்பாற நேரம் வேண்டும்

பள்ளி முடிந்து வட்ட ரயில் பாதையில் வீடு திரும்புகிறீர்கள். ஒரு நிலையத்தில் கதவு திறந்தபடியே ரயில் ஒரு நிமிடம் நிற்கிறது. "ஏன் இன்னும் கிளம்பவில்லை?" என்று எரிச்சல் வருகிறது. அந்த ஒரு நிமிடம் வீண் அல்ல என்பதே என் வாதம்.

சிங்கப்பூரின் வட்ட ரயில் பாதை 2009இல் சேவையைத் தொடங்கியபோது, பெயரில் மட்டுமே வட்டம் இருந்தது. ஹார்பர்ஃபிரண்டையும் மரினா பேயையும் மூன்று புதிய நிலையங்கள் வழியாக இணைத்து, 2026இல் வட்டத்தை முழுமையாக்குவது திட்டம். பயணிகளுக்கு இது வசதிதான். ஆனால், கால அட்டவணை தயாரிப்பவருக்குப் புதிய தலைவலி.

நேர்ப்பாதையில் ரயில் கடைசி நிலையத்தை அடைந்ததும், திரும்பிப் புறப்படுமுன் சில நிமிடங்கள் நிற்கும். தாமதமாக வந்த ரயில் அந்த ஓய்வைக் குறைத்துக்கொண்டு, குறித்த நேரத்தில் கிளம்பிவிடலாம். வட்டத்துக்கோ கடைசி நிலையமே இல்லை. ஏற்பட்ட தாமதம் ரயிலோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும்.

அது வளரவும் செய்யும். தாமதமான ரயிலுக்காக மேடையில் கூடுதல் பயணிகள் சேர்ந்துவிடுவார்கள். அவர்கள் ஏறி இறங்க அதிக நேரம் பிடிக்கும். ரயில் மேலும் தாமதமாகும். பின்னால் வரும் ரயிலுக்குக் கூட்டம் குறைவு. அது விரைந்து வந்து முன்னதை நெருங்கிவிடும். பிறகு இரண்டு ரயில்கள் ஒட்டி வரும்; அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 30 நிலையங்கள் கொண்ட வட்டத்தை ஒரு முறை சுற்ற 57 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 நிமிடத்துக்கு ஒரு ரயில் வர, ஒரு திசைக்கு 19 ரயில்கள் போதும். ஆனால், தாமதத்தைச் சரிக்கட்ட ஒரு நொடிகூட மிச்சமில்லை. சுற்று நேரத்தை 60 நிமிடமாக்கினால் 20 ரயில்கள் தேவை. ஒரு ரயில் கூடுதல், 3 நிமிடம் கூடுதல். பத்து நிலையங்கள் பயணம் செய்யும் உங்களுக்கு அதில் ஒரு நிமிடம்தான்.

"செலவும் கூடுகிறது, வேகமும் குறைகிறதே" என்று நீங்கள் கேட்கலாம். லண்டனைப் பாருங்கள். அங்கே 1884இல் முழுமையடைந்த வட்டப் பாதையின் தண்டவாளங்களை மற்ற தடங்களின் ரயில்களும் பயன்படுத்தியதால், தாமதம் எளிதில் பரவியது. 2009 டிசம்பரில் வட்டச் சேவையையே கைவிட்டார்கள். இப்போது ரயில்கள் ஹேமர்ஸ்மித்தில் தொடங்கி, ஒரு சுற்று சுற்றி, எட்ஜ்வேர் ரோட்டில் முடிகின்றன. நேரத்தைச் சரிசெய்ய இரண்டு முனைகள் கிடைத்தன. ஆனால், பயணிகள் சிலர் ரயில் மாற வேண்டியதாயிற்று.

தோக்கியோவின் யமனோத்தே பாதை 34.5 கிலோமீட்டர் நீளமுள்ளது. இன்றும் அது வட்டமாகவே இயங்குகிறது. அங்கே பின்னால் வரும் ரயில் தாமதமானால், முன்னால் உள்ள ரயிலைச் சற்று நிறுத்திவைத்து இடைவெளியைச் சமன்செய்கிறார்கள்.

வட்டப் பாதையின் தரத்தை ரயிலின் வேகத்தால் அளக்கக் கூடாது. ரயில்களுக்கு இடையே உள்ள சீரான இடைவெளியால் அளக்க வேண்டும். அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. கதவு மூடும் ஒலி கேட்ட பிறகு பாய்ந்து ஏறாதீர்கள். நீங்கள் மிச்சப்படுத்தும் 3 நிமிடத்துக்கான விலையை, வட்டம் முழுவதும் காத்திருப்பவர்கள் கொடுக்க நேரும்.