உபின் தீவுல என்னதான் இருக்கு?

"புலாவ் உபின் போனேன், ஒண்ணுமே இல்ல பாஸ்" என்று அலுத்துக்கொள்ளும் சிங்கப்பூர் மக்களே, ஒரு நிமிஷம்!

சாங்கி பாயிண்ட்டில் 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும் படகு, பத்து நிமிஷக் கடல், வாடகை சைக்கிள். வேறென்ன வேணும், ரோலர் கோஸ்டரா? அதுக்குத்தான் செந்தோசா இருக்கே!

அங்கே செக் ஜாவா கரையை மண் கொட்டி மூடுவதாக இருந்தார்கள். சாதாரண சனங்க கடல் வத்துற நேரம் போய்ப் பார்த்து, படமெடுத்து, 'விட்டுடுங்க'ன்னு எழுதிக் கேட்டதுல 2001-ல் அது நின்றது. கவனிங்க, ரத்து இல்லை, ஒத்திவைப்புதான்.

அதனால 'செய்ய வேண்டிய பத்து' லிஸ்ட்டைக் கிழிச்சுப் போடுங்க. செய்ய வேண்டியது ஒண்ணுதான்: கடல் வத்துற நேரம் விசாரிச்சுப் போங்க, மரப்பாதையில நின்னு பாருங்க, எதையும் எடுக்காதீங்க. 'ஒண்ணுமில்லாத' இடத்துக்குத்தான் மண் லாரி முதல்ல வரும்.